முதலில் யாருக்குச் சொல்வது

ஜூன் 3

நாத்தனாருக்கு,

போனில் கூப்பிட்டால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் நான் பேசமாட்டேன். அதனால் மெயிலில் எழுதுகிறேன். இது குடும்ப விஷயம் இல்லை, ஆபீஸ் விஷயம். அப்படியே படித்து அப்படியே பதில் போட்டால் போதும்.

நம் ஆஸ்பத்திரி இரத்த வங்கியின் பழைய கம்ப்யூட்டர் ஓய்வு பெறப்போகிறது. அதன் ஃபேன் போடுகிற சத்தத்தில், இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஊசிக்குப் பயப்படுவதை விட்டுவிட்டு அதற்குப் பயப்படுகிறார்கள். மேனேஜர் புதிதாக ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். நீயும் நானும் எழுதிய புரோகிராமை அதில் ஏற்றுகிற வேலை என் தலையில். இதற்கிடையில் டாக்டரம்மாவும் ஒன்று சொல்லிவிட்டார். போன மாதம் இரத்தம் கொடுத்துவிட்டு எழுந்துபோன ஒருவர் வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். அவர் வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் கொடையாளர் அட்டவணையில் ஒரு புதுக் கட்டம் வேண்டுமாம்: 'முதலில் யாருக்குச் சொல்வது'. ஒரு போன் நம்பர், அவ்வளவுதான்.

ஒரு கட்டம் கூடினாலும் நாம் கோட் ஜெனரேட்டரை ஓட்டியாக வேண்டும். அது டேட்டாபேஸைப் படித்து ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு ஜாவா கோப்பைத் தானே எழுதித் தந்தால்தான் மற்ற வேலை நடக்கும். பழைய கம்ப்யூட்டரில் அது முரண்டு பிடித்ததே இல்லை. புதியதில் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. எந்த ஜார் மூட்டை எங்கே இருக்கிறது என்று, அது தேடிப் பார்க்கிற விலாசப் பட்டியலான கிளாஸ்பாத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்படியும் ஜெனரேட்டர் என்ற கிளாஸையே காணோமாம். தன்னையே காணோம் என்று சொல்கிற பிறவியை இப்போதுதான் பார்க்கிறேன்.

மேனேஜரிடம் போய் "ஜெனரேட்டர் ஓடலை சார்" என்றேன். "எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கம்மா, டீசல் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க" என்றார். இவரோடுதான் நான் குப்பை கொட்டுகிறேன்.

மாதக் கடைசிக்குள் ஓடவில்லை என்றால் வெளியிலிருந்து ரெடிமேட் புரோகிராம் வாங்கிக்கொண்டு நம்முடையதைத் தூக்கிப் போட்டுவிடுவார். நீ வெளிநாடு போன பிறகு அந்த அறையில் எனக்கென்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதைத் தூக்கிப் போட நான் விடமாட்டேன்.

நான் கொடுத்த கட்டளையும் அது கக்கிய பிழையும் கீழே இருக்கின்றன.

அண்ணி


ஜூன் 4

அண்ணிக்கு,

ஆபீஸ் விஷயத்துக்கு ஆபீஸ் பதில்.

பழையது விண்டோஸ். புதியது லினக்ஸ். கிளாஸ்பாத்தில் ஒரு ஜாருக்கும் அடுத்த ஜாருக்கும் நடுவில் அங்கே அரைப்புள்ளி, இங்கே முக்காற்புள்ளி. நீங்கள் பழைய வரியை அப்படியே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறீர்கள். மொத்த வரியையும் அது ஒரே பெயராக நினைத்துக்கொண்டு, அப்படி ஒரு ஜார் உலகத்திலேயே இல்லை என்கிறது. மாற்றிவிடுங்கள். ஒரு கமாவைத் தேடி ஒரு முழுநாளைத் தொலைத்து, ஆபீஸ் பூராவும் 'கமா' என்று பெயர் வாங்கியவருக்கு மறுபடியும் புள்ளியில்தான் கண்டம்.

இன்னொன்று. கிளாஸ்பாத்தில் எழுதாத எதையும் ஜாவா பார்க்காது. பக்கத்து ஃபோல்டரிலேயே கிடந்தாலும் பார்க்காது. தானாகப் போய்த் தேடிப் பார்க்கிற குணம் அதற்குக் கிடையாது. எல்லா ஜாரையும் எழுதியிருக்கிறீர்களா என்று ஒரு தடவை சரிபாருங்கள்.

உங்கள் பிழைச் செய்தியில் ஃபோல்டர் பெயர்களைப் படித்தேன். 'புதுசு', 'புதுசு2', 'இதுதான் கடைசி', 'நிஜமாவே கடைசி'. எல்லாம் நான் வைத்தவை. இன்னுமா மாற்றவில்லை? எக்ஸ்ரே அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருந்த அந்தப் பொந்து ஞாபகம் வந்துவிட்டது. ஒருத்தி நாற்காலியை விட்டு எழுந்தால்தான் இன்னொருத்தி நகர முடியும். எத்தனையோ தடவை, நீங்கள் எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் வேண்டுமென்றே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எனக்கு ஒரு பெரிய மேசை. பக்கத்து ஆளைத் தொட வேண்டுமென்றால் எழுந்து நடக்க வேண்டும்.

சரி. ஆபீஸ் பதில் என்றேன்.

அண்ணன் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? அம்மா அறையை என்ன செய்தீர்கள்? பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று இல்லை.

நாத்தனார்


ஜூன் 7

நாத்தனாருக்கு,

முக்காற்புள்ளி வைத்தேன். ஜெனரேட்டர் எழுந்தது, டேட்டாபேஸுக்குள் போனது, அட்டவணைகளையெல்லாம் எண்ணியது. சந்தோஷத்தில் மேசையைத் தட்டிவிட்டுப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அதில் பழைய எக்ஸ்ரே உறைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் திரும்புவதற்குள் அதுவும் விழுந்துவிட்டது. இந்தத் தடவை நம் பெயர்சூட்டியைக் காணோமாம்.

பெயர்சூட்டியை மறந்திருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். நமக்கு முன்னால் இருந்தவர் அட்டவணைகளுக்கு எழுத்தும் எண்ணுமாக, லாரி நம்பர் மாதிரிப் பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஜெனரேட்டரும் அதையே வழிமொழிந்தது. 'கொடையாளர்' என்று கூப்பிட ஆசைப்பட்டு, பெயரை மாற்றிச் சொல்லும்படி ஜெனரேட்டருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு சின்ன கிளாஸ் எழுதினோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் டப்பாவைத் திறக்காமலேயே எழுதி முடித்தோம். நீ தட்டினாய், நான் தப்புப் பார்த்தேன். உருவாகிற ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'கமாவும் அவசரமும் வைத்த பெயர்' என்று ஒரு வரி வரவேண்டும் என்று நீ அடம் பிடித்தாய். அப்போது நீ எனக்கு நாத்தனார் இல்லை. டீயை ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு 'அவசரம்' என்று பெயர் வாங்கியவள்.

அதற்கப்புறம்தான் உன் அண்ணன் மழையில் உன்னைக் கூட்டிப்போக வந்து, வந்த வேலையை மறந்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமானதும் அத்தை உன்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணியைப் போய் நீ வா போன்னு பேசறியே, நாலு பேர் என்ன நினைப்பாங்க?" அன்றிலிருந்து வீட்டில் 'நீங்க', ஆபீஸில் 'நீ'. ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறினால் என் மரியாதை போய்விடும். ஆபீஸ் பதில் என்று சொல்லிவிட்டு நீ எழுதிய கடிதத்தில் முழுக்க 'நீங்கள்' என்றே இருந்தது. கவனித்தேன்.

பெயர்சூட்டியின் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. திறந்து வரி வரியாகப் படித்துவிட்டேன். ஜெனரேட்டரோ, கம்பைல் ஆகி ஓடத் தயாரான பெயர்சூட்டியைக் கொடு, அது இல்லாமல் ஒரு எழுத்து எழுதமாட்டேன் என்கிறது. கம்பைலரிடம் போனால், ஜெனரேட்டர் எழுதிய கோப்புகளைக் கொண்டு வா, அதுவரை எதையும் கம்பைல் செய்யமாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். நேற்றைக்கு விட்டால் அழுதிருப்பேன்.

அத்தை அறை அப்படியே இருக்கிறது. உன் அண்ணன் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். மாத்திரையை நான் கையில் கொடுத்தால் சாப்பிடுகிறார். இப்போதாவது கேட்டாயே. அத்தை படுத்திருந்த காலத்தில் வாராவாரம் கூப்பிடுவாய். "எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?" என்பாய். நான் வாயைத் திறப்பதற்குள் "சரி, மீட்டிங், வச்சிடறேன்" என்று வைத்துவிடுவாய். காரியம் முடிந்த பிறகு வந்து, கூடத்தில் இத்தனை பேர் முன்னால், நான் உன் அம்மாவை உன்னிடமிருந்து ஒளித்துவைத்தேன் என்றாய். உனக்குப் பதில் கேட்க ஒரு நிமிஷம் இருந்ததா?

எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

அண்ணி


ஜூன் 8

அண்ணிக்கு,

நான் கேட்கவில்லை, சரி. நீங்கள் சொல்லியிருக்கலாம்.

அத்தனை வருஷம் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தோம். உங்களுக்குத் தலைவலி என்றால் நீங்கள் நெற்றியைத் தொடுவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். அண்ணன் உங்களைப் பெண் கேட்கப்போகிறான் என்று அவனுக்கே தெரிவதற்கு முன்னால் உங்களிடம் சொன்னவள் நான். என் அம்மாவின் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்ற ஒரு விஷயத்தை மட்டும் உங்களால் என்னிடம் சொல்ல முடியவில்லை. மூச்சு வாங்குகிறது என்று ஒரு வார்த்தை. நான் அடுத்த விமானத்தில் வந்திருப்பேன். வந்தபோது அம்மாவின் மூக்குக் கண்ணாடி ஜன்னல் விளிம்பில் இருந்தது. அம்மா இல்லை.

அம்மாவே சொல்ல வேண்டாம் என்றாளாம். அண்ணன் சொன்னான். அம்மா அப்படித்தான் சொல்வாள். காய்ச்சலில் கொதிக்கும்போதுகூட "லேசா உடம்பு சூடு" என்பவள். அவள் சொன்னாளென்று கைகட்டிக் கேட்டு நடக்க நீங்கள் என்ன நேற்று வந்த மருமகளா?

பெயர்சூட்டி பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மேனேஜரை ரெடிமேடே வாங்கச் சொல்லுங்கள்.

நாத்தனார்


ஜூன் 21

கமா,

நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரியும். உன் வீம்பு எனக்குத் தெரியாதா? என் வீம்பை நானே இன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

அண்ணனைக் கூப்பிட்டேன். ரெடிமேட் கம்பெனிக்காரன் வந்து நம் பொந்தை அளந்துகொண்டு போய்விட்டானாம். நீ வீட்டில் யாரோடும் பேசுவதில்லையாம். "உன் அண்ணி பேசறதில்லை, பாத்திரம்தான் பேசுது" என்றான் பாவம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பெயர்சூட்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய கம்ப்யூட்டரில் மட்டும் அது எப்படி ஓடியது?

ஒரு கேள்வி. எல்லாவற்றையும் புதியதுக்கு எடுத்துப்போனபோது, கம்பைல் ஆனவை கிடக்கிற ஃபோல்டரை எடுத்துப்போனாயா? மாட்டாய். புது வீட்டுக்குப் போகும்போது பழைய குப்பை எதற்கு என்று சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் போயிருப்பாய். உன்னைத் தெரியும்.

இப்போது நம் அட்டையை நினைத்துப் பார். 'துடைக்காதே.' இரத்த வங்கி திறப்பு விழாவுக்கு முன்னால் நான் அவசரப்பட்டு 'கிளீன்' கொடுத்து, கம்பைல் ஆனதெல்லாம் போய், மறுபடி எதுவுமே கம்பைல் ஆகாமல் நாம் இருவரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தோமே. முந்தின நாள் எடுத்த நகலை அப்படியே கொண்டுவந்து போட்டதும் ஓடியது. ஏன் ஓடியது என்று நாம் கேட்கவே இல்லை. ஓடுகிறதே, அது போதும் என்று மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து 'துடைக்காதே' என்று எழுதி ஒட்டிவிட்டோம். பெருக்க வருகிற அக்கா அதைப் படித்துவிட்டு நம் மேசையைத் துடைப்பதையே விட்டுவிட்டார். நீ தூசியில் விரலால் பெரிய கமா போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாய். மறுநாள் அது அப்படியே இருக்கும்.

விஷயம் இதுதான். பெயர்சூட்டியை முதன்முதலில் கம்பைல் செய்தபோது புரோஜெக்டில் வேறு எதுவுமே இல்லை. அதனால் சண்டை இல்லாமல் கம்பைல் ஆகிவிட்டது. அன்றைக்கு ஆனதைத்தான் ஜெனரேட்டர் இத்தனை வருஷமாக எடுத்துப் பயன்படுத்திக்கொண்டு வந்திருக்கிறது. துடைத்தால் அது போய்விடும். நீ கண்ணால் பார்த்த கோப்பு வெறும் துணி. ஜெனரேட்டர் கேட்பது தைத்த சட்டை. கோழி முதலா முட்டை முதலா என்று நாம் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் நம்மிடம் எப்போதோ பொரித்த ஒரு கோழி இருந்தது.

செய்ய வேண்டியது: பெயர்சூட்டியைப் புரோஜெக்டிலிருந்து வெளியே எடு. தனி ஃபோல்டரில் வைத்து அதை மட்டும் கம்பைல் செய். அதற்கு அட்டவணைக் கோப்பு ஒன்றும் தேவையில்லை, ஜெனரேட்டரின் ஜார் பாத்தில் இருந்தால் போதும். அதைத் தனி ஜாராகக் கட்டி கிளாஸ்பாத்தில் சேர்த்துவிட்டு ஜெனரேட்டரை ஓட்டு. அப்புறம் மற்றதைக் கம்பைல் செய். இரண்டு பேரில் ஒருத்தர், அடுத்தவருக்குக் காத்திருக்காமல் முதலில் போக வேண்டும். அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனால் அதோடு தனியாக உட்கார்ந்திருக்க அலுத்துப்போய்விட்டது. அம்மா கடைசியில் என்ன பேசினாள், என்ன சாப்பிட்டாள், என்னைக் கேட்டாளா, எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நீதான். உன்னோடும் பேசவில்லை என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பேன், கமா?

அவசரம்


ஜூன் 24

அவசரம்,

ஓடிவிட்டது.

நீ சொன்னபடி பெயர்சூட்டியைத் தனியாக எடுத்து, தனியாகத் தைத்து, பாத்தில் சேர்த்தேன். முதல் தடவை சேர்க்கும்போது ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாய். இரண்டாம் தடவை ஜெனரேட்டர் கடகடவென்று எழுதித் தள்ளியது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். கொடையாளர், இரத்தப் பை, குளிர்பெட்டி, சோதனை. ஒவ்வொன்றின் தலையிலும் 'கமாவும் அவசரமும் வைத்த பெயர்'. எனக்குக் கண் மறைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஜெனரேட்டர் ஓடுதா?"

"ஓடுது சார்."

"சத்தமே இல்லையே!"

ரெடிமேட்காரனை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எக்ஸ்ரே உறைகளையும் நாற்காலியிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன்.

நீ கேட்டாய், சொல்கிறேன். அத்தை கடைசி வாரங்களில் கஞ்சிதான் குடித்தார், அதுவும் நான் திட்டினால்தான். உன்னைப் பற்றித்தான் பேசுவார். "அவளுக்குச் சூடா இருக்கிறதை ஆத்திக் குடிக்கத் தெரியாது. இங்க நான் ஆத்திக் குடுத்தேன், ஆபீஸ்ல நீ ஆத்திக் குடுத்தே. அங்க யாரு இருக்கா?" என்பார். வேறு எதையும்விட அதுதான் அவருக்குக் கவலை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் விரல்கள் அவ்வளவு மெலிந்திருந்தன, என்னால் கையை உருவ முடியவில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுப்பேன். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீ வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றது மட்டும் தெரியும்.

இன்னொரு விஷயம். புதுக் கட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. ஆரம்பத்தில் சோதித்துப் பார்க்க நம்மையே முதல் இரண்டு கொடையாளர்களாகப் போட்டோம், நான் ஒன்று, நீ இரண்டு. இன்னும் அழிக்கவில்லை. என் பதிவைத் திறந்து, 'முதலில் யாருக்குச் சொல்வது' என்ற இடத்தில் உன் நம்பரைப் போட்டேன். ஏற்கவில்லை. நான் உள்ளூர் நம்பருக்குத்தான் இடம் விட்டிருந்தேன், உன்னுடையது அடங்கவில்லை. கட்டத்தை அகலமாக்கி, ஜெனரேட்டரை மறுபடியும் ஓட்டினேன். இப்போது அடங்குகிறது. விஷயத்தைக் கேட்டு உன் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஏன், என் நம்பர் இல்லையா?" என்றார். "நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, ஒரு சத்தம் போட்டா போதும். அவளுக்குத்தான் சொல்லி அனுப்பணும்" என்றேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். அத்தை அறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உன் பதிவில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. என் நம்பரைப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் இந்தத் தடவை நானாக எதையும் முடிவு செய்யமாட்டேன். யாருடைய நம்பரைப் போடட்டும்?

கமா


ஜூன் 24

கமா,

இதையெல்லாமா கேட்பாய்? உன் நம்பர்தான். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

இல்லை, கேள். இனிமேல் எல்லாவற்றையும் கேள். எல்லாவற்றையும் சொல். யார் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றாலும் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டீ போட்டேன். இரண்டு டம்ளர் எடுத்து நானே ஆற்றிப் பார்த்தேன். பாதி தரையில். மிச்சம் இருக்கிற பாதியை முன்னால் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறேன். அழுது முடிப்பதற்குள் அது தானாகவே ஆறிவிட்டது.

இதை அனுப்பிய கையோடு கூப்பிடுகிறேன். எடு. அம்மா படுத்த முதல் நாளிலிருந்து ஆரம்பி, ஒன்றையும் விடாதே. மீட்டிங் இருக்கிறது, நான் போகப்போவதில்லை. நீயாக வைக்கிறவரை நான் போனை வைக்கமாட்டேன்.

மெதுவாகச் சொல். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

அவசரம்